நீதிமன்றத்துக்குப் படியளப்பது யார்? பூதப்பாண்டிக் கோரிக்கைச் சாசனம்

ஒன்றிய அரசுக்கும், தமிழ்நாடு அரசுக்கும், தமிழ்நாட்டிலிருந்து டெல்லிக்குப் போயிருக்கும் 39 மக்களவை உறுப்பினர்களுக்கும் 18 மாநிலங்களவை உறுப்பினர்களுக்கும், கடல் கடந்து வாழும் உறவுகளுக்கும், கன்னியாகுமரி மாவட்டம் தோவாளை வட்டம் பூதப்பாண்டியிலிருந்தும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்தும் நாங்கள் முன்வைக்கும் சாசனம் இது.

இலங்கைப் போரில் இழைக்கப்பட்ட குற்றங்களை விசாரிக்க ஒரு சர்வதேச நீதிமன்றம் வேண்டும். அந்த நீதிமன்றம் வருஷா வருஷம் கையேந்தாமல் நடக்க நிரந்தர நிதியும் வேண்டும். இதில் முதல் பாதியைக் கேட்காத மேடை தமிழ்நாட்டில் இல்லை. சட்டமன்றமே கேட்டிருக்கிறது: 2013 மார்ச்சில் ஒருமுறை, 2015 செப்டம்பரில் மறுபடியும். இரண்டாம் பாதியை மட்டும் எல்லோரும் விட்டுவிடுகிறோம். அதனால் இந்தச் சாசனத்தில் காசு பணம் பற்றிய பேச்சே அதிகம் இருக்கும். நீதியைப் பற்றிப் பேசும் இடத்தில் ரூபாய்க் கணக்கா என்று முகம் சுளிப்பவர்கள் கோர்ட் படி ஏறாதவர்களாகத்தான் இருப்பார்கள்.

பூதப்பாண்டியில் ஒரு சின்ன நீதிமன்றம் இருக்கிறது. வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, செக் கேஸ், அடிதடி என்று வட்டாரத்து வழக்குகள் அங்கே நடக்கும். அமீனா சம்மன் கொண்டுபோக வேண்டும். சாட்சிக்குப் பேட்டா கட்ட வேண்டும். நகல் வாங்க மனுப் போட வேண்டும். இடத்தை அளக்க வக்கீல் கமிஷன் போட்டால் அவருக்கும் சர்வேயருக்கும் கட்டணம் கட்ட வேண்டும். சாட்சி திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தால் பஸ் கட்டணம் கொடுத்து வரவழைக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் வாய்தா. ஒரு முழ வரப்புக்கே இத்தனை செலவு என்றால், முள்ளிவாய்க்கால் மணலில் 2009 மே 18 வரை நடந்ததை விசாரிக்கும் நீதிமன்றத்துக்கு என்ன செலவாகும்? யார் கொடுப்பது? எத்தனை வருஷத்துக்கு?

யாழ்ப்பாணத்துச் செம்மணியைப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் சித்துப்பாத்தி மயானத்தில் கட்டுமான வேலைக்காகத் தோண்டியபோது எலும்புகள் வெளியே வந்தன. நீதிமன்ற உத்தரவோடு அகழ்வு தொடங்கியது. தொல்லியல் ஆட்களும் சட்ட மருத்துவர்களும் தூரிகையும் சிறு கரணையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அங்குலமாக மண் நீக்கினார்கள். செப்டம்பரில் இரண்டாம் கட்டம் முடிந்தபோது 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டிருந்தன. குழந்தைகளின் எலும்புகளும் அவற்றில் இருந்தன. கூடவே ஒரு நீலநிறப் பள்ளிப் பை, பொம்மை, பால் புட்டி. அடுத்த கட்டத்துக்கு நிதி ஒதுக்கீடு வரட்டும் என்று அந்தக் குழிகள் காத்திருந்தன. 2023-இல் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது கிடைத்த புதைகுழிக்கும் இதே கதிதான். அங்கேயும் பணத்துக்காக வேலை நின்று நின்றுதான் நடந்தது. புதைகுழி தோண்டவே பட்ஜெட் கேட்டு நிற்கும் நிலையில், நாங்கள் பணத்தைப் பேசுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உலகத்தில் இதற்கு முன் நடந்ததையும் சொல்ல வேண்டும். யூகோஸ்லாவியாவுக்கு 1993-இலும் ருவாண்டாவுக்கு 1994-இலும் பாதுகாப்பு மன்றம் அமைத்த தீர்ப்பாயங்களுக்கு ஐ.நா. உறுப்பு நாடுகள் எல்லாம் பங்கு போட்டுக் கட்டாய நிதி கொடுத்தன. யூகோஸ்லாவியத் தீர்ப்பாயம் 161 பேர் மீது குற்றம் சாட்டியது. ஒருவர்கூடத் தலைமறைவாகத் தப்பவில்லை. 2017-இல்தான் அது மூடியது. பிறகு, இவ்வளவு செலவா என்று பெரிய நாடுகள் சலித்துக்கொண்டன. 2002-இல் சியரா லியோனுக்கு அமைத்த சிறப்பு நீதிமன்றத்தை விரும்பிய நாடுகள் விரும்பியதைக் கொடுக்கலாம் என்று விட்டார்கள். இரண்டே வருஷத்தில் பணம் தீர்ந்து ஐ.நா. மானியம் கொடுத்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. அப்படியும் அந்த நீதிமன்றம் லைபீரியாவின் முன்னாள் அதிபர் சார்லஸ் டெய்லருக்கு 2012-இல் 50 ஆண்டுச் சிறை விதித்தது. அது பெரிய காரியம்.

கம்போடியாவில் நடந்தது இன்னும் வேதனை. கெமர் ரூஜ் தலைவர்களை விசாரித்த நீதிமன்றத்தில் 2013-இல் உள்ளூர் ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. மொழிபெயர்ப்பாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விசாரணை நின்றது. அந்த மார்ச்சிலேயே குற்றம் சாட்டப்பட்ட இயங் சாரி தீர்ப்பு வராமலே இறந்துபோனார். லெபனான் தீர்ப்பாயம் 2021 ஜூனில், விசாரணை தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது, பணமில்லை என்று ஒரு வழக்கையே ரத்து செய்தது. சாட்சி சொல்லக் காத்திருந்தவர்களுக்கு என்ன பதில் சொல்லியிருப்பார்கள்?

கம்போடிய நீதிமன்றத்துக்கு நிதி கொடுத்த நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் உண்டு. கம்போடியத் தலைநகர் புனோம் பென்னுக்குக் கொடுக்க முடிந்த அரசுக்கு, ராமேசுவரத்துக்கு எதிர்க்கரையில் நடந்ததற்குக் கொடுக்க முடியாதா?

உள்நாட்டிலேயே விசாரித்துக்கொள்ளட்டும் என்று சொல்பவர்களுக்கு நாங்கள் யாழ்ப்பாணத்து மிருசுவிலைக் காட்டுகிறோம். 2000 டிசம்பரில் அங்கே ஐந்து வயதுக் குழந்தை உட்பட எட்டுத் தமிழர்கள் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டார்கள். வழக்கு நடந்து 2015-இல் ஒரே ஒரு ராணுவத்தானுக்கு, சுனில் ரத்நாயக்கவுக்கு, மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில், உலகமே கொரோனாவுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது, அன்றைய அதிபர் கோத்தபய ராஜபக்ச அவரை மன்னித்து விடுவித்தார். இருபது வருஷம் நடந்த வழக்கு ஒரு கையெழுத்தில் முடிந்தது. 2006 ஜனவரியில் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்ட வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட அத்தனை பேரும் 2019-இல் விடுதலை ஆனார்கள். 2015-இல் ஐ.நா. மனித உரிமைகள் ஆணையாளர் அலுவலகம் கலப்புச் சிறப்பு நீதிமன்றம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. வெளிநாட்டு நீதிபதிகளும் பங்கேற்கும் ஏற்பாட்டுக்கு இலங்கையே ஜெனீவாவில் சம்மதித்துத் தீர்மானத்தில் சேர்ந்தது. 2020-இல் விலகிக்கொண்டது. 2024-இல் வந்த புதிய அரசும் வெளிப் பொறிமுறை எதையும் ஏற்க முடியாது என்றே சொல்கிறது. உள்நாட்டு விசாரணையைக் குறிக்கும் உள்ளகப் பொறிமுறை என்ற சொல்லைக் கேட்டாலே கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி முதல் பந்தலில் உட்கார்ந்திருக்கும், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

பூதப்பாண்டிக்கு இதில் என்ன என்று கேட்கலாம். எங்கள் மாவட்டத்திலேயே பழவிளை, பெருமாள்புரம், கோழிவிளை, ஞாறான்விளை என்று ஈழத்து மக்கள் வாழும் முகாம்கள் உள்ளன. 1983 முதல் அலையலையாக வந்தவர்களும் இங்கேயே பிறந்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் எங்களோடு கொத்தவேலைக்கும் பெயிண்ட் அடிக்கவும் வருகிறார்கள். போதாததற்கு 1954 ஆகஸ்ட் 11-ஐ மறக்காத மாவட்டம் இது. தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று கேட்டவர்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்த நாள் அது. 1956-இல் இணைப்பு கிடைத்தது. சுட்டவர்களை யாரும் கூண்டில் ஏற்றவில்லை. பொதுவுடைமைத் தலைவர் ஜீவா பிறந்த ஊர் என்ற பெருமையையும் சேர்த்துக்கொண்டு, கேட்பதற்கான தகுதி எங்களுக்கு உண்டு என்றே நினைக்கிறோம்.

இனி எங்கள் கோரிக்கைகள்.

முதல் கோரிக்கை ஒன்றிய அரசிடம். இதுவே எங்களுக்கு முக்கியமானது. கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

திஹேக் நகரில் உள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் உடன்படிக்கையில் 120-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. இலங்கை சேரவில்லை. 1998-இல் வாக்கெடுப்பில் ஒதுங்கிய இந்தியாவும் சேரவில்லை. அதனால் அங்கே வழி அடைபட்டுவிட்டது என்றே பலரும் நினைக்கிறார்கள். அது முழு உண்மை இல்லை. மியான்மரும் அந்த நீதிமன்றத்தில் உறுப்பினர் இல்லை. ஆனால் ரோகிங்கியா மக்கள் அடித்து விரட்டப்பட்டு எல்லை தாண்டிப் போய்ச் சேர்ந்த வங்கதேசம் உறுப்பினர். நாடு கடத்துதல் என்ற குற்றம் எல்லையின் இந்தப் பக்கம் தொடங்கி அந்தப் பக்கம் முடிகிறது. ஒரு பாதி உறுப்பு நாட்டில் நடந்தாலே விசாரிக்கலாம் என்று 2018-இல் நீதிபதிகள் முடிவு செய்தார்கள். 2019 நவம்பரில் விசாரணைக்கும் அனுமதி கொடுத்தார்கள்.

அதே கணக்கைப் பாக் நீரிணையில் போட்டுப் பாருங்கள். 2006-இல் போர் மறுபடி மூண்ட பிறகு ஷெல்லடிக்கும் ஆள் கடத்தும் வெள்ளை வேனுக்கும் பயந்து ஆயிரக்கணக்கானோர் படகேறித் தனுஷ்கோடி மணல்திட்டுகளில் இறங்கினார்கள். மண்டபம் முகாமில் அவர்கள் பெயர், வந்த தேதி, ஊர் எல்லாம் அரசுப் பதிவேட்டில் இருக்கின்றன. வங்கதேசத்தைப் போல இந்தியா உறுப்பினராக இருந்திருந்தால் அந்தப் பதிவேடே வழக்குக்கு முதல் ஆவணமாக ஆகியிருக்கும். இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. உறுப்பினர் ஆகாத நாடுகூட ரோம் உடன்படிக்கையின் 12-வது பிரிவின் 3-வது உட்பிரிவின்படி ஓர் அறிவிப்புக் கொடுத்து, நீதிமன்றம் செயல்படத் தொடங்கிய 2002 ஜூலை 1 வரை பின்னோக்கி அதிகாரத்தை ஏற்றுக்கொள்ளலாம். உறுப்பினர் ஆகும் முன்பே உக்ரைன் அப்படித்தான் செய்தது. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்று எல்லை கட்டியும் செய்தது. இந்தியாவும் பாக் நீரிணை வழியாக நடந்த கட்டாய வெளியேற்றத்துக்கு அந்த அறிவிப்பைக் கொடுக்க வேண்டும் என்று கோருகிறோம். இதற்குப் பாதுகாப்பு மன்றத்தில் யாருடைய தயவும் தேவையில்லை. சீனாவோ ரஷ்யாவோ வீட்டோ போட முடியாது. வேண்டியது டெல்லியில் ஒரு முடிவும் திஹேக்குக்கு ஒரு கடிதமும்.

நீதிமன்றம் எல்லாவற்றையும் விசாரிக்கும் என்று சொல்லவில்லை. அந்த வழியில் வருவது நாடு கடத்தலும் அதை ஒட்டிய குற்றங்களும்தான். முள்ளிவாய்க்காலில் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்திலும் ஆஸ்பத்திரி மீதும் ஷெல் விழுந்ததற்கு இது போதாது.

ஆகவே இரண்டாம் கோரிக்கை, தனித் தீர்ப்பாயம். பாதுகாப்பு மன்றம் கைவிட்ட சிரியாவுக்காக ஐ.நா. பொதுச்சபை 2016 டிசம்பரில் ஒரு சுயேச்சைப் பொறிமுறையை அமைத்தது. வழக்குத் தொடுக்கும் அளவுக்குச் சாட்சியங்களைத் திரட்டிக் கோப்பாக்குவது அதன் வேலை. முதலில் நன்கொடையில் ஓடியது. 2020 முதல் ஐ.நா.வின் வழக்கமான பட்ஜெட்டுக்குள் வந்தது. இலங்கைக்கும் அதுபோன்ற ஒன்றை இந்தியா முன்மொழிய வேண்டும். இப்போது ஜெனீவாவில் சாட்சியம் திரட்டும் ஒரு சிறு குழு 2021 தீர்மானத்தின்படி இயங்குகிறது. 2025 அக்டோபரில் அதற்கு மேலும் இரண்டு ஆண்டு நீட்டிப்புக் கிடைத்தது. ஆனால் ஐ.நா.வின் பணநெருக்கடி அதையும் விட்டுவைக்கவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று நீட்டிக்கொண்டே போகும் அலுவலகத்தை நம்பி எந்தச் சாட்சி வாய் திறப்பார்?

திரட்டிய கோப்பை ஏற்று நடத்தும் தீர்ப்பாயத்தை நாடுகள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்தும் அமைக்கலாம். உக்ரைன் மீதான ஆக்கிரமிப்புக்காக ஐரோப்பிய மன்றம் 2025 ஜூனில் அந்த வழியைத்தான் பிடித்தது. அங்கே பாதிக்கப்பட்ட நாடே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது, இங்கே அப்படி இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் கோப்பு முதலில், கூண்டு பிறகு என்கிறோம்.

மூன்றாவது, நிதி. தீர்ப்பாயமோ பொறிமுறையோ, எதுவானாலும் உறுப்பு நாடுகள் விகிதப்படி கட்டாயமாகக் கட்டும் பணத்தில்தான் நடக்க வேண்டும். அது கைகூடும்வரை வெளியுறவு அமைச்சகத்தின் ஆண்டு பட்ஜெட்டில் இதற்கென்று தனித் தலைப்பு வேண்டும். 2022-இல் இலங்கை திவாலானபோது இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்குக் கடனும் உதவியும் கொடுத்துத் தாங்கியது. கொடுத்ததில் எங்களுக்கு வருத்தம் இல்லை. பசித்தவனுக்குச் சோறு போடக் கணக்குப் பார்க்கக் கூடாது. 120-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து நடத்தும் திஹேக் நீதிமன்றத்துக்கே ஆண்டுக்கு ஆகும் செலவு ஏறத்தாழ 20 கோடி யூரோதான். பக்கத்து நாட்டைத் தாங்க முடிந்த கஜானாவுக்கு இது ஒரு சுமையே இல்லை. ஜெனீவாவில் 2012-இலும் 2013-இலும் இலங்கை மீதான ஐ.நா. தீர்மானத்தை ஆதரித்த இந்தியா, 2014, 2021, 2022 வாக்கெடுப்புகளில் ஒதுங்கி நின்றது. ஒதுங்கி நிற்பதும் ஒரு பக்கம் சாய்வதுதான்.

நான்காவது தமிழ்நாடு அரசிடம். வெளியுறவு எங்கள் கையில் இல்லை என்ற பதிலை ஏற்க மாட்டோம். 2022-இல் 123 கோடி ரூபாய்க்கு அரிசியும் பால்பவுடரும் மருந்தும் இலங்கைக்கு அனுப்பச் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு, ஒன்றிய அரசின் அனுமதி பெற்று, மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பலை அனுப்பியவர்கள் நீங்கள்தான். அந்தத் தேதி தற்செயலா திட்டமிட்டதா என்பது இருக்கட்டும். வழி இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. மறுவாழ்வு முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்களில் கண்ணால் கண்ட சாட்சிகள் வயதாகி ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில், விருப்பப்பட்டு வருகிறவர்களின் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் முறையில் பதிவுசெய்ய மாநில அரசு நிதி ஒதுக்க வேண்டும். முகாம்களைக் கண்காணிக்கும் க்யூ பிரிவு போலீஸ் அந்த அறைப்பக்கம் எட்டிப்பார்க்கக் கூடாது. 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை இவர்களுக்கும் விரிக்க வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவரை ஒருநாள் உட்காரவைத்தால் அன்றைய கூலியைக் கொடுங்கள். எங்கள் ஊர்க் கோர்ட்டிலேயே சாட்சிக்குப் பேட்டா உண்டு.

இதோடு சேர்ந்தது குடியுரிமை. எப்போது திருப்பி அனுப்புவார்களோ என்று இருப்பவர், ஊரில் சொந்தக்காரர்கள் இருக்கும்போது ராணுவத்துக்கு எதிராக வாய் திறக்க மாட்டார். 2019 சட்டத் திருத்தம் இவர்களை விட்டுவிட்டது. அதைச் சரிசெய்ய வேண்டும்.

ஐந்தாவது, இந்தியாவின் 1960-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம். வெளிநாட்டில் போர்க்குற்றம் செய்த வெளிநாட்டவர் இந்தியாவில் அகப்பட்டால் இங்கேயே வழக்குப் போடலாம் என்று அந்தச் சட்டம் அப்போதே சொல்லியிருக்கிறது. ஆனால் அது நாடுகளுக்கு இடையே நடக்கும் போருக்குத்தான் பொருந்தும். புகாரும் அரசே கொடுக்க வேண்டும். உள்நாட்டுப் போரும் அதற்குள் வரும்படியும், பாதிக்கப்பட்டவரே நேராகப் புகார் கொடுக்கும்படியும் திருத்துங்கள். இலங்கையிலிருந்து திருப்பதிக்குச் சாமி கும்பிட வரும் தலைவர்களுக்கு அந்தச் சட்டம் தெரிந்திருப்பது நல்லது.

ஆறாவதை எழுதும்போது எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் வந்தது. விசாரணை எல்லாத் தரப்பையும் தொட வேண்டும். ஐ.நா. நிபுணர் குழு 2011-இல், கடைசிக் கட்டத்தில் 40 ஆயிரம் பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று சொன்னபோதே, புலிகள் மக்களை வெளியேறவிடாமல் தடுத்ததையும் சிறுவர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்ததையும் சேர்த்துத்தான் எழுதியது. 1990-இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டதும் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுகையில் இருந்தவர்கள் கொல்லப்பட்டதும் கோப்பில் இருக்க வேண்டும். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்திய அமைதிப்படை நுழைந்தபோது நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியர்களும் கொல்லப்பட்டதும் இருக்க வேண்டும். நம்ம ஆட்கள் என்று ஒரு பக்கத்தை விட்டுவிட்டு நீதி கேட்டால் எவனும் நம்ப மாட்டான். சாட்சியம் திரட்டும் அமைப்புக்கு எந்த ஆண்டில் நடந்த குற்றம் என்ற வரம்பு போடக் கூடாது என்பதே எங்கள் முடிவு.

கடைசியாக, வெளிநாட்டில் வாழும் உறவுகளுக்கு. ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைக்க 60 லட்சம் டாலர் திரட்டிக் காட்டியவர்கள் தமிழர்கள். தமிழ்நாடு அரசு அதில் 10 கோடி ரூபாய் கொடுத்தது. அந்தப் பணபலம் இதற்கும் வரும் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உங்கள் காசு நீதிபதியின் சம்பளத்துக்கும் வழக்குத் தொடுநர் அலுவலகத்துக்கும் போகக் கூடாது. வாதி வீட்டுச் சோற்றைத் தின்ற நீதிபதியின் தீர்ப்பு கொழும்பில் மட்டுமல்ல, எங்கேயும் செல்லாது. பாதிக்கப்பட்டவர்களுக்கு வக்கீல் வைக்கவும், வாக்குமூலங்களை மொழிபெயர்க்கவும், மரபணுப் பரிசோதனைக்கும், காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் பஸ் ஏறி வந்து போகவும் கொடுங்கள். கணக்கைப் பகிரங்கமாகத் தணிக்கை செய்யுங்கள். முன்பு வசூலித்த பணத்துக்குக் கணக்குக் கேட்ட கசப்பு உங்கள் ஊர்களில் இன்னும் ஆறவில்லை என்பதை நாங்களும் கேள்விப்படுகிறோம்.

ருவாண்டாத் தீர்ப்பாயத்தில் நீதிபதியாக இருந்து, பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலைக் குற்றமாகலாம் என்று 1998-இல் தீர்ப்பெழுதிய அமர்வில் உட்கார்ந்தவர் டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண் நவநீதம் பிள்ளை. சட்டம் தெரிந்த பிள்ளைகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. நெல்லையில் சட்டம் படிக்கும் மாணவர்களே, சர்வதேசக் குற்றவியல் சட்டத்தை எடுத்துப் படியுங்கள், ஆள் வேண்டியிருக்கும்.

இந்தச் சாசனத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் பெயரையும் ஊரையும் மட்டும் எழுதினால் போதும். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரைக் கல்யாண வீட்டிலோ கோயில் கொடையிலோ பார்த்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: ரோம் உடன்படிக்கை அறிவிப்பைப் பற்றி அவையில் எப்போது பேசப் போகிறீர்கள்? கையெழுத்து வாங்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: முகாம்களுக்குப் போங்கள், சாசனத்தை வாசித்துக் காட்டுங்கள், அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே யாரிடமும் கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள். அவர்களுக்காகப் பெயர் கொடுக்கவேண்டியது நாம்தான்.